பல் தேய்ந்த வரலாறு

சோனியின் முதலாவது பிளேஸ்ரேஷனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து விளையாடின ஆக்களின் கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பார்க்கிறவைக்கு அது ஏதோ மூடநம்பிக்கை மாதிரித்தான் தெரியும். ஆனால் காரணம் இருக்குது. 1994 டிசெம்பர் 3 இல் ஜப்பானில் வெளிவந்த அந்த இயந்திரத்தின் ஆரம்ப மாதிரிகளில், லேசர் கண்ணைச் சுமந்துகொண்டு முன்னும் பின்னும் வழுக்கும் சட்டகம் பிளாஸ்ரிக்கால் ஆனது. பக்கத்திலேயே மின்வழங்கி, அதிலிருந்து சூடு. வழுக்கி வழுக்கி பிளாஸ்ரிக் தேய, லென்ஸ் ஒரு பக்கம் சரியும். சரிந்த லென்ஸ் சீடியைச் சரியாக வாசிக்காது. கொன்சோலைக் கவிழ்த்தால் புவியீர்ப்பு மற்றப் பக்கமாக இழுக்கும், தேயாத பக்கம் வேலை செய்யும், கேம் ஓடும். பின்னால் வந்த மாதிரிகளில் சோனி லேசரை மின்வழங்கியிலிருந்து தள்ளி வைத்தது.

வீடியோ கேம் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கதையை ஒரு பகிடி மாதிரிச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எந்தக் கொம்பனி எதை விற்றது, எந்தக் கேம் எத்தனை கோடி சம்பாதித்தது என்பதுதான் அவர்களுக்கு வரலாறு. எனக்கென்னவோ அந்தத் தேய்ந்த பிளாஸ்ரிக்கில்தான் கூடுதலான வரலாறு இருக்கிற மாதிரிப் படுகிறது. அதனால் பிளேஸ்ரேஷனுக்கு ஆறு வருடம் முந்திய ஒரு இயந்திரத்துக்கும், அதற்குள் இருக்கிற விரல் நுனியளவு பற்சில்லு ஒன்றுக்கும் போவோம்.

சூட்கேசுக்குள் சீடி

1987 ஒக்டோபர் 30 இல் ஜப்பானில் பீ.சி. எஞ்சின் என்ற கொன்சோல் விற்பனைக்கு வந்தது. விலை 24,800 யென். சப்போரோ நகரத்தில் வளர்ந்த ஹட்சன் சாஃப்ட் என்ற கேம் நிறுவனம் அதன் சிப்புகளை வடிவமைத்தது; என்.ஈ.சி.யின் வீட்டு இலத்திரனியல் கிளை அதைத் தயாரித்து விற்றது. உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிசு. கேம்கள் வங்கி அட்டை அளவிலான மெல்லிய அட்டைகளில் வந்தன. ஹூகார்ட் என்று பெயர். தொடக்க கால ஹூகார்ட் ஒன்றில் அரை மெகாபைட் இருந்தாலே பெரிய காரியம்.

அடுத்த வருடம், 1988 டிசெம்பர் 4 இல், அதே கொன்சோலுக்குச் சீடி இயக்கி ஒன்றை வெளியிட்டார்கள். வீட்டு கேம் கொன்சோல் ஒன்றுக்கு உலகத்தில் வந்த முதலாவது சீடி இயக்கி அதுதான். பெயர் சீடி-ரொம்-ரொம். எழுதும்போது 'ரொம்' என்பதற்கு மேல் வர்க்கக் குறி போடுவார்கள், வாசிக்கும்போது இரண்டு தரம் சொல்ல வேண்டும். கைபிடி வைத்த ஒரு பெட்டி. திறந்தால் ஒரு பக்கம் கொன்சோலைச் செருகலாம், மற்றப் பக்கம் சீடி இயக்கியைச் செருகலாம். மூடித் தூக்கினால் சின்னச் சூட்கேஸ் மாதிரி இருக்கும். இயக்கியைத் தனியே கழற்றிப் பாட்டுச் சீடியும் கேட்கலாம். அமெரிக்காவில் இதே இயக்கி டர்போகிராஃப்க்ஸ்-சீடி என்ற பெயரில் 399.99 டொலருக்கு வந்தது. அதோடு ஒரு கேம்கூடக் குடுக்கவில்லை.

ஒரு சீடியில் 540 மெகாபைட் கொள்ளும் என்றார்கள். அரை மெகாபைட் அட்டையோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்கு. இந்தத் தொகையைப் பார்த்த கேம் தயாரிப்பாளர்களுக்குத் தலை சுற்றியிருக்கும். எதைப் போட்டு நிரப்புவது? அவர்கள் குரலையும் இசையையும் போட்டு நிரப்பினார்கள். 1989 யூனில் வந்த 'தெங்காய் மக்யோ: சிரியா'வுக்கு இசையமைத்தவர் ரியுய்ச்சி சகமோட்டோ. 'கடைசிப் பேரரசர்' படத்தின் இசைக்காக அதற்கு முந்திய வருடம்தான் ஒஸ்கார் வாங்கியிருந்தார். 1989 டிசெம்பரில் 'ஈஸ்' கேமின் முதல் இரண்டு பாகங்களும் ஒரே சீடியில் வந்தன. பாத்திரங்கள் வாய் திறந்து பேசின. பின்னணியில் ஸ்ரூடியோவில் பதிந்த இசை ஓடியது. அட்டையில் 'பீப் பீப்' கேட்டுப் பழகின காதுகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் எண்டு யோசித்துப் பாருங்கோ.

இந்த இசை, இந்தக் குரல் எல்லாம் சீடியிலிருந்து வெளியே வர வேண்டுமென்றால், லேசர் சரியான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே கொண்டு போய் விடுகிறதுதான் எங்கட பற்சில்லு.

இருபதாயிரம் சுற்றுகள்

சீடி எப்படி வேலை செய்யிறது எண்டு ஒருக்கால் பார்ப்பம். வேலையின் அளவு தெரிந்தால்தான் ஒரு பல் போனால் என்ன நடக்கும் என்பது விளங்கும்.

சீடியின் விட்டம் 120 மில்லிமீற்றர். தரவு எழுதியிருப்பது ஒரே சுருளான பாதையில்; உள்ளே தொடங்கி வெளியே போகும். மையத்திலிருந்து 25 மில்லிமீற்றரில் தொடங்கி 58 மில்லிமீற்றரில் முடியும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீற்றர். ஆக, மூன்று சென்ரிமீற்றர் சொச்சத்துக்குள் ஏறத்தாழ இருபதாயிரம் சுற்றுகள். ஒரு தலைமயிரின் அகலத்துக்குள்ளேயே நாற்பது சுற்று வரையில் அடங்கும்.

இவ்வளவு நுட்பமான பாதையை ஒரு பிளாஸ்ரிக் சில்லு எப்படிப் பிடிக்கும்? அது தனியே பிடிப்பதில்லை. வேலை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. லென்ஸைச் சுற்றி மெல்லிய சுருள்கள் இருக்கும். அவை லென்ஸை மிகச் சிறிய தூரத்துக்கு அசைத்துப் பாதையிலேயே பிடித்து வைத்திருக்கும். லென்ஸ் ஒரு எல்லைக்கு மேல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், முழு லேசர் வண்டியையும் நகர்த்தச் சொல்லி ஒரு சின்ன மோட்டருக்குக் கட்டளை போகும். மோட்டர் வேகமாகச் சுற்றும். வண்டியோ மெதுவாக நகர வேண்டும். அந்த வேகத்தைக் குறைக்கத்தான் நடுவில் பற்சில்லுகள். மோட்டரின் அச்சில் சின்னச் சில்லு, அது நடுச் சில்லைச் சுற்றும், நடுச் சில்லு வண்டியோடு ஒட்டிய பல்வரிசையைத் தள்ளும்.

பாட்டுச் சீடியில் இது சுகமான வேலை. வண்டி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்து உள்ளேயிருந்து வெளியே ஊர்ந்து போனால் போதும். கேமில் அப்படியில்லை. சீடி-ரொம்-ரொம்மின் முதல் வடிவத்தில் தரவை வாங்கி வைக்கும் நினைவகம் 64 கிலோபைட் மட்டும். இயக்கி ஒரு செக்கனுக்கு 150 கிலோபைட் வாசிக்கும். அரைச் செக்கனுக்குள் பாத்திரம் நிறைந்துவிடும். புதிய அறைக்குள் நுழைந்தால் பழசை அழித்துப் புதுசை எடுக்க வேண்டும். எதிரி வந்தால் ஓட வேண்டும், இசைக்கு ஓட வேண்டும், திரும்பி வர வேண்டும். பாட்டுச் சீடி கேட்கிற வீட்டில் பல வருடத்தில் தேய்கிற பல்லை, கேம் விளையாடுகிற பொடியன் ஒரு விடுமுறையில் தேய்த்துவிடுவான். பாட்டுக் கேட்பதற்காகப் பழகி வந்த ஒரு பொறிமுறையை எடுத்து, அது பழகாத வேலையைக் குடுத்தார்கள்.

பல் போனால்

இன்றைக்கு அந்தச் சூட்கேஸ் பெட்டியை வாங்கித் திறக்கிறவர்கள் அதிகம் சந்திக்கிற நோய்களில் ஒன்று நடுச் சில்லு உடைந்திருப்பது. தேய்மானம் மட்டும் காரணமில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வயதான பிளாஸ்ரிக் சுருங்கும், முறுகும். உலோக அச்சில் இறுக்கிப் பொருத்திய சில்லு சுருங்கினால் எங்கே வெடிக்கும்? மெலிந்த இடத்தில், அதாவது இரண்டு பற்களுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில். கையில் எடுத்தால் சிலவேளை துகளாக உதிர்ந்து போகும்.

நோயைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. கேம் வேண்டாம். இந்தக் கொன்சோலின் சிஸ்டம் அட்டையில் பாட்டுச் சீடி ஓட்டும் வசதியும் இருக்குது. ஒரு பாட்டுச் சீடியைப் போட்டு முதல் பாட்டை ஓட விடுங்கள். பிறகு ஒரேயடியாகக் கடைசிப் பாட்டுக்குத் தாவுங்கள். முதல் பாட்டு ஓடுகிறது, கடைசிப் பாட்டுக்குப் போகச் சொன்னால் 'டிக் டிக் டிக்' என்று சத்தம் வந்து நின்றுவிடுகிறது என்றால், லேசர் கண் பார்க்கிறது, கால்தான் நடக்கவில்லை. முதல் பாட்டே ஓடாவிட்டால் லென்ஸ் அழுக்கோ, வேறு ஏதோ. இந்த வித்தியாசம் தெரியாமல் 'லேசர் போயிற்றுது' என்று முடிவுகட்டி எத்தனை இயந்திரங்களைக் குப்பையில் போட்டிருப்பார்கள்! எங்கட வீடுகளிலும் வீசீடி பிளேயர் நின்றால் முதல் தீர்ப்பு அதுதானே: "லென்ஸ் அடிச்சுப் போச்சு."

திருத்துகிறவர்களின் கணக்கு

ஹட்சன் சாஃப்ட் 2012 மார்ச்சில் கொனாமிக்குள் கரைந்து போனது. என்.ஈ.சி.யின் வீட்டு இலத்திரனியல் கிளையும் இப்போது இல்லை. கேட்டுப் போக ஒரு கதவும் இல்லை. உயிரோடு இருக்கிற கொம்பனிகளின் நிலைமையும் பெரிதாக வித்தியாசமில்லை: நின்டெண்டோ 1983 இல் வெளியிட்ட ஃபெமிகொம்மை ஜப்பானில் 2007 ஒக்டோபர் 31 வரை திருத்திக் கொடுத்தது. இருபத்துநாலு வருடம், பாராட்டத்தான் வேண்டும். நிறுத்தியதற்கு அவர்கள் சொன்ன காரணம் உதிரிப்பாகத் தட்டுப்பாடு.

அப்ப மிச்சம் இருக்கிறது யார்? வீட்டு மேசையில் திருப்புளியோடு குந்தியிருக்கிற ஆக்கள்தான். அவர்களுக்கு முதலில் வந்த யோசனை எங்களுக்கும் வருகிற அதே யோசனை: ஒட்டிவிடுவம். ஆனால் இப்படியான சில்லுகளுக்குப் பெரும்பாலும் பாவிக்கும் பொலியசெற்றல் என்ற பிளாஸ்ரிக் இயல்பிலேயே வழுவழுப்பானது. அந்த வழுவழுப்புக்காகத்தான் அதைத் தெரிந்தெடுக்கிறார்கள். கிறீஸ் குறைந்தாலும் சுழலும். அதே காரணத்தால் பசையும் ஒட்டாது. இரண்டாவது வழி, செத்த இன்னொரு இயந்திரத்திலிருந்து சில்லைக் கழற்றிப் போடுவது. அந்தச் சில்லுக்கும் அதே வயது. நாளைக்கு அதுவும் வெடிக்கும்.

மூன்றாவது வழி புதுசாகச் செய்வது. இங்கேதான் பாடசாலையில் படித்த கணக்கு உதவிக்கு வருகிறது. பற்சில்லு ஒன்றை விவரிக்க முக்கியமான எண் 'மொடியூல்'. வெளிவிட்டத்தை அளந்து, பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு 30 பற்கள், வெளிவிட்டம் 16 மில்லிமீற்றர் என்றால், 16 ஐ 32 ஆல் வகுக்க 0.5. ஒன்றோடொன்று பொருந்துகிற சில்லுகளுக்கு இந்த எண் ஒன்றாக இருக்க வேண்டும்.

பிரச்சினை என்னவென்றால், அளக்கிற சில்லு ஏற்கெனவே சுருங்கிப் போனது. அதன் வெளிவிட்டத்தை நம்ப முடியாது. ஆனால் இரண்டு அச்சுகளுக்கு நடுவில் உள்ள தூரம் உலோகத் தகட்டில் இருக்கிறது, தகடு சுருங்காது. இரண்டு சில்லுகளின் பற்களையும் கூட்டி, மொடியூலால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் அந்தத் தூரம் வர வேண்டும். இப்படிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான், ஒரு காலத்தில் யாரோ ஒரு பொறியியலாளர் வரைந்த எண்ணை மறுபடி கண்டுபிடிக்கிறார்கள். தொல்லியலாளர் பானை ஓட்டின் வளைவை அளந்து முழுப் பானையின் வாயைச் சொல்கிற மாதிரி.

பிறகு கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுக்கிறார்கள். வீட்டு அச்சு இயந்திரத்தில் இவ்வளவு சின்னப் பற்கள் வடிவாக வராது. ரெசின் அச்சு நுணுக்கமாக வரும், ஆனால் முறுகும். நைலோன் துகளை லேசரால் உருக்கி ஒட்டும் முறை கொஞ்சம் தாங்கும். சிலர் பித்தளையில் கடைகிறார்கள். பித்தளை உடையாதுதான், ஆனால் அது உரசுகிற மற்றச் சில்லு இன்னும் பிளாஸ்ரிக். எது மென்மையோ அதுதான் தேயும். நோயைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புகிற வைத்தியம் அது.

சில்லைப் போட்ட பிறகும் வேலை முடியவில்லை. இறுகிப்போன பழைய கிறீஸை அல்ககோலால் துடைத்து, பிளாஸ்ரிக்கைத் தின்னாத புதிய கிறீஸை ஊசி முனையளவு பூச வேண்டும். வண்டியைக் கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்தி, எங்கேயும் சிக்குகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கிற லேசர் சரிப்படுத்தும் ஸ்குரூவைச் 'சும்மா ஒருக்கால்' திருப்பிப் பார்க்கக் கூடாது. அப்படித் திருப்பியே நல்ல லேசர் பல செத்துப் போயிருக்கிறது.

எமுலேட்டர் இருக்கே?

இவ்வளவும் ஏன், கணினியில் எமுலேட்டர் போட்டு விளையாடலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்தச் சீடிகளைச் சாதாரணக் கணினி இயக்கியிலேயே படி எடுக்கலாம். கொனாமியே 2020 மார்ச்சில் பீ.சி. எஞ்சின் மினி என்று சின்னப் பெட்டி ஒன்றை வெளியிட்டது. சீடி கேம்கள் சீடியே இல்லாமல் அதற்குள் ஓடின. தரவு பிழைத்துவிட்டது. பற்சில்லு உடைந்தால் கேம் அழிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் எமுலேட்டர் எழுதுகிறவர்களுக்கு ஒரு தலையிடி இருக்குது. லேசர் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்க வேண்டும்? உடனே போய்விட்டது என்று எழுதினால், காட்சியும் குரலும் ஒன்றுக்கொன்று முந்திப் பிந்திவிடும் கேம்கள் உண்டு. தயாரித்தவர்கள் அந்தத் தாமதத்தை எண்ணியே காட்சிகளைக் கோர்த்திருக்கிறார்கள். அடுத்து வேண்டிய தரவைப் பக்கத்திலேயே எழுதினார்கள், தூரத் தாவல்களைத் தவிர்த்தார்கள். சில்லு சுற்றுகிற வேகம் கேமின் கதைசொல்லும் முறைக்குள் புகுந்துவிட்டது. சரியான நேரத்தைத் தெரிந்துகொள்ள வேலை செய்கிற உண்மையான இயந்திரத்தை அளக்க வேண்டும். அந்த இயந்திரம் வேலை செய்ய, அதன் பல் இருக்க வேண்டும்.

ஆக, திருத்துகிறவரும் எமுலேட்டர் எழுதுகிறவரும் போட்டியாளர்கள் இல்லை. ஒருத்தர் மூலத்தை உயிரோடு வைத்திருக்கிறார், மற்றவர் பிரதி எடுக்கிறார். மூலம் இல்லாமல் பிரதியைச் சரிபார்க்க முடியாது. ஓலைச்சுவடி பதிப்பித்தவர்களின் வரலாறு தெரிந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பல்லிலிருந்து பூட்டுக்கு

1988 இன் இயக்கியில் சில்லு உடைந்தால் நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அளக்கத் தெரிந்தால் போதும். பின்னால் வந்த கொன்சோல்களில் நிலைமை மாறியது. டிஸ்க் இயக்கியும் பிரதான பலகையும் இரகசியக் குறியீட்டால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும். இன்னொரு இயந்திரத்தின் நல்ல இயக்கியைப் பூட்டினாலும் 'நீ யார்?' என்று பலகை கேட்கும். அந்தப் பூட்டைத் தாண்டுவது அமெரிக்காவில் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். 2021 ஒக்டோபரில்தான், கொன்சோலின் டிஸ்க் இயக்கியைத் திருத்துவதற்கு மட்டும் என்று ஒரு விலக்குக் கிடைத்தது. அதிலும் திருத்திய பிறகு பூட்டைப் பழையபடி போட்டுவிட வேண்டும். அதைத் தாண்டும் கருவியை மற்றவருக்கு விற்கிறதுக்கு அந்த விலக்கில் இடமில்லை.

2023 நவம்பரில் வந்த மெல்லிய பிளேஸ்ரேஷன் 5 இல் டிஸ்க் இயக்கியைக் கழற்றிப் பூட்டலாம். நல்ல விசயம்தான். ஆனால் முதல் தரம் பூட்டும்போது கொன்சோல் இணையத்தில் இணைந்து, சோனியின் சேர்வரிடம் சொல்லி அந்த இயக்கியைப் பதிந்துகொள்ள வேண்டும். இப்போதைக்கு அது ஒரு நிமிட வேலை. ஆனால் முப்பத்தைந்து வருடம் கழித்து, பல் தேய்ந்த ஒரு இயக்கியை மாற்ற நினைக்கிற ஒருத்தர் எந்தச் சேர்வரிடம் கேட்பார்? ஹட்சன் சாஃப்ட் இன்று எங்கே இருக்கிறதோ அங்கேதான் அந்தச் சேர்வரும் இருக்கும்.

பிளாஸ்ரிக் சில்லு உடைவது இயற்கை. எந்தப் பொறியியலாளரும் முப்பத்தைந்து வருடத்துக்கு யோசித்துப் பல் வெட்டியிருக்க மாட்டார். அதைக் குறை சொல்ல ஏலாது. உடைந்ததை அளந்து மறுபடி வெட்டலாம் என்ற நிலை இருந்தபடியால்தான் அந்தக் கொன்சோலின் வரலாறு இன்னும் சத்தத்தோடு சுற்றுகிறது. சேர்வரில் இருக்கிற அனுமதியை எந்த அளவுகோலாலும் அளக்க முடியாது, எந்த அச்சு இயந்திரத்திலும் எடுக்க முடியாது. இனி வரப்போகிற வரலாற்றாசிரியர்களுக்கு 1988 இன் கேமை விட 2023 இன் கேம் கூடுதலாகக் கைக்கு எட்டாமல் போகலாம்.

உங்கட வீட்டு அலுமாரிக்கு மேலே நின்றுபோன சீடி பிளேயரோ பழைய கொன்சோலோ கிடந்தால், எறிய முதல் ஒருக்கால் திறந்து பாருங்கோ. மின்னைக் கழற்றிவிட்டு, மூடியை எடுத்து, லேசர் வண்டியை மெதுவாகத் தள்ளிப் பாருங்கோ. சில்லுகள் சுற்றும். அதில் ஒரு பல் இல்லாமல் இருந்தால், எண்ணி, அளந்து, ஒரு கடதாசியில் எழுதி அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கோ. திருத்த உங்களுக்கு நேரம் கிடைக்காமல் போகலாம். பிறகு திறக்கிற ஆளுக்கு அந்தக் கடதாசி உதவும்.